வீட்டு கராஜில் 1966 மஸ்டாங்: உதிரிபாகம் கிடைக்கும், ஆனால் பொருந்துமா?

பழைய அமெரிக்க கார் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஃபோர்டு மஸ்டாங். 1964 ஏப்ரலில் வந்த கார்; 1966 மாடலில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் தயாரானது. அதனால் கதவுக் கைப்பிடியில் தொடங்கி முழு பாடி வரைக்கும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். "எல்லா பார்ட்ஸும் கிடைக்கும்" என்று சொல்வது உண்மைதான். ஆனால் டிட்ராய்ட் புறநகரில் ஒரு 1966 ஹார்ட்டாப்பை (கூரை மடங்காத இரண்டு கதவு மாடல்) சில வருடங்களாக வைத்து மல்லுக்கட்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிடைக்கும், அப்படியே பொருந்தாது. வேலையில் பாதி அந்தப் பொருத்துவதில்தான் போகும்.

முதலில் வண்டியைப் பற்றி. பானெட்டைத் திறந்தால் இடதுபக்க மட்கார்டின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதன் வழியாக எட்டிப் பார்த்தால் வண்டி எண் தெரியும். என்னுடையது 6எஃப்07சி என்று தொடங்குகிறது. 6 என்பது 1966, எஃப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலை, 07 ஹார்ட்டாப், சி என்பது இரண்டு பேரல் கார்ப்பரேட்டர் வைத்த 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), 200 குதிரைத்திறன். சி எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் டி (T) இருந்தால் அது ஆறு சிலிண்டர் வண்டி. ஆறு சிலிண்டரில் பிறந்து பின்னாளில் வி8 ஏற்றப்பட்ட வண்டிகள் சந்தையில் நிறைய உண்டு. அது குற்றமில்லை, ஆனால் விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டும்.

இன்ஜினைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. இந்த வண்டியின் எமன் துரு. அதிலும் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் காற்று உள்ளே போக விட்ட சல்லடை மாதிரியான இடம். அதற்கு அடியில் இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்ட் செய்த ஒரு பெட்டி இருக்கிறது. இலையும் மண்ணும் அதற்குள் விழுந்து ஈரத்தோடு கிடந்து, வெளியே எதுவும் தெரியாமலே அரித்துவிடும். வாங்கப் போகும்போது ஒரு குடம் தண்ணீரை அந்தச் சல்லடையில் ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் முன் மட்கார்டுகளுக்குப் பின்னால் தரையில் கொட்டினால் நல்லது. கார்பெட் நனைந்தால் விலையைக் குறையுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள். ஊற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில்.

எனக்கு வந்த வண்டி நனைந்த வகை, தெரிந்தேதான் வாங்கினேன். பானெட், மட்கார்டுகள், முன் கண்ணாடி எல்லாம் கழற்றி, வரிசையாக இருக்கும் ஸ்பாட் வெல்டுகளை (தகடுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்த இடங்கள்) ஒவ்வொன்றாகத் துளையிட்டு மேல் தகட்டைப் பிரிக்க வேண்டும். இதற்கென்றே நடுவில் ஊசியும் சுற்றிலும் பல்லும் வைத்த கட்டர் கிடைக்கிறது. மேல் தகட்டை மட்டும் அறுத்து, அடித்தகட்டில் கை வைக்காமல் நிறுத்துவது பழகினால் வந்துவிடும். கண்ணால் பார்ப்பதைவிடச் சத்தத்தைக் கேட்டு நிறுத்துவது சுலபம். மேல் தகடு விட்டதும் சத்தம் மாறும். புதுத் தகடு வைத்து வெல்ட் அடிக்கும்போது 0.023 அங்குல ஒயரில், பொட்டுப் பொட்டாக, இங்கொன்று அங்கொன்று என்று இடம் மாற்றி அடிக்க வேண்டும். ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன பொருத்தப் பிரச்சினை வருகிறது. புதிதாக வந்த மட்கார்டை மாட்டினால் கதவோரத்தில் மேலே இடைவெளி சரியாக இருக்கும், கீழே விரல் நுழையும். கதவு ரப்பர் தடிமனாக இருந்து கதவே சாத்தாது. ஓட்டைகள் ஒரு நூல் தள்ளி இருக்கும். ஷிம் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடு) வைத்து, ஓட்டையை நீள்வட்டமாக அராவி, திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டித்தான் சரிக்கட்ட வேண்டும். அதனால் என் கராஜில் ஒரு சட்டம்: புதுப் பாகம் வண்டியில் உட்கார்ந்து வேலை செய்யும்வரை பழையது குப்பைக்குப் போகாது. அடிபட்ட பழைய மட்கார்டை டிங்கரிங் செய்து எடுப்பது, புது நகலைப் பொருத்துவதைவிடப் பல சமயம் சீக்கிரம் முடிகிறது.

கார்ப்பரேட்டருக்கும் இதே கதைதான். ஆட்டோலைட் 2100, பக்கவாட்டில் வட்டத்துக்குள் 1.08 என்று பொறித்திருக்கும். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டு என்று ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். கிட் வாங்கி, பிரித்து, கழுவி, டயஃப்ரம், பவர் வால்வ், கேஸ்கட் மாற்றினால் ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் முடிகிற வேலை. இப்போது பங்கில் கிடைப்பது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனாலைத் தாங்கும் டயஃப்ரமா என்று பார்த்து வாங்குங்கள், பெட்ரோல் ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயிலில் துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் காலத்து ஆயில்களில் அது குறைவு, பழைய கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும். ஆயில் ஃபில்டருக்கு மட்டும் கவலையே இல்லை. மோட்டார்கிராஃப்ட் எஃப்.எல்-1ஏ இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

இக்னிஷனை எலக்ட்ரானிக் ஆக்கிவிடலாம், பலர் செய்கிறார்கள். நான் பாயின்ட்டையே (பொறிக்காகத் திறந்து மூடும் பழைய வகை தொடுமுனை) வைத்திருக்கிறேன். ஃபீலர் கேஜில் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) 0.017 அங்குலம் வைத்து, டைமிங் லைட் பிடித்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். நடுரோட்டில் நின்றாலும் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் ஏடாகூடமாக ஆடினால் டேங்க்கைக் கழற்ற ஓடாதீர்கள். இரண்டுக்கும் சுமார் 5 வோல்ட் கொடுக்கும் சின்ன ரெகுலேட்டர் ஒன்று மீட்டருக்குப் பின்னால் இருக்கிறது. முதல் சந்தேகம் அதன்மேல் இருக்கட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்தக் காருக்கு என்னால் நல்ல மதிப்பெண் போட முடியாது. நான்கு சக்கரமும் டிரம் பிரேக். பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் விட்டால் மொத்த பிரேக்கும் போச்சு. 1967-ல்தான் இரட்டை அறை வந்தது. பெயின்ட், ரேடியோ எல்லாம் அப்புறம். முதலில் அந்த இரட்டை மாஸ்டரை மாற்றுங்கள். தோள் பெல்ட் கிடையாது, தலைச்சாய்வு கிடையாது. பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம்தான் டிக்கியின் தரை. பிள்ளைகளை இதில் நெடுஞ்சாலைக்கு அழைத்துப் போவதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். அதேபோல முன் சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்கை சரியான கம்ப்ரசர் இல்லாமல் தொடாதீர்கள். அது தெறித்தால் ஆளைக் கொல்லும்.

வெளியே கொடுத்தது பெயின்ட் வேலை மட்டும். இன்றைய பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. தனிக் காற்றுக் குழாயோடு கூடிய முகமூடி இல்லாமல் வீட்டு கராஜில் அடிப்பது நுரையீரலோடு விளையாடுவது. அந்தக் கடைக்காரர் சொன்ன தேதிக்கும் கொடுத்த தேதிக்கும் நடுவில் ஒரு முழுக் கோடை போனது. வேலை என்னவோ சுத்தம்.

ஓட்டுவதற்கு எப்படி? கேலனுக்கு 15 மைல் கிடைத்தால் பெரிது. ஸ்டீயரிங் மந்தம், ஏசி கிடையாது. ஆனால் குளிர்ந்த காலையிலும் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்துச் சாவியைத் திருப்பினால் ஒரே செல்ஃப்பில் எடுக்கிறது. சாலையில் உப்பு கொட்டும் மாதங்களில் வெளியே எடுப்பதே இல்லை. மிச்சிகனில் 25 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிளேட் (பழைய வண்டிகளுக்கான தனி நம்பர் பிளேட்) வாங்கலாம். கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சி, டெஸ்ட் ஓட்டம் இதற்கு மட்டும் என்று சட்டம் சொன்னாலும், ஆகஸ்ட் மாதம் முழுக்கத் தாராளமாக ஓட்ட அனுமதி உண்டு. உட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் நடக்கும் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலமும் அந்த மாதத்தில்தான். அன்றைக்கு வண்டி நகர்வதைவிட நிற்பதுதான் அதிகம், ரேடியேட்டரை முன்னாலேயே கழுவி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து முன்பக்கம் டிஸ்க் பிரேக் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முழு கிட்டாக விற்கிறார்கள், எந்த மாற்றமும் வேண்டாம் நேராகப் பொருந்தும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. பழைய டிரம்களுக்கு ஷெல்ஃபில் இடம் ஒதுக்கியாயிற்று.