சுருளா, வாயுவா, காற்றுப்புட்டியா: மூன்று வைராஹ் ரைபிள்களைக் கழற்றிப் பார்த்த அலசல்

ஏர் ரைபிள் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எது பவர் அதிகம்?" நான் இருக்கும் இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. துப்பாக்கிச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கும் ஏர் ரைபிள் குண்டுக்குத் தரும் ஆற்றல் 12 அடி-பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 16.27 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் அது சட்டத்தின் கண்ணில் சான்றிதழ் இல்லாத துப்பாக்கி. ஜெர்மனியில் வரம்பு இன்னும் குறைவு, 7.5 ஜூல், அதற்குள் அடங்கும் ரைபிளில் ஐங்கோணத்துக்குள் ஓர் 'எஃப்' எழுத்தைப் பொறித்திருப்பார்கள். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலும்தான் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்கான எல்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் ட்யூனிங் என்று நான் சொல்வது பவரை ஏற்றுவதை அல்ல. முதல் குண்டு போன வேகத்திலேயே நூறாவது குண்டையும் போக வைப்பதைத்தான்.

அந்தக் கோணத்தில் ஒப்பிட நல்ல வசதி ஒன்று இருக்கிறது. 1899இல் தொடங்கிய ஜெர்மன் ரைபிள் நிறுவனமான வைராஹ், போருக்குப் பின் பவேரியாவின் மெல்ரிஷ்டாட் ஊருக்கு வந்தது. மூன்று வழிகளிலும் ரைபிள் செய்வது அதே நிறுவனம்தான். எச்டபிள்யூ 80 இரும்புச் சுருள் ஸ்பிரிங்கில் ஓடுவது: குழலை மடக்கினால் ஸ்பிரிங் அழுந்தும், சுடும்போது அது பிஸ்டனைத் தள்ளி, பிஸ்டன் நசுக்கிய காற்று குண்டை வெளியே அனுப்பும். எச்டபிள்யூ 90இல் சுருளுக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயு, அதாவது கேஸ் ராம். எச்டபிள்யூ 100 முன்கூட்டியே காற்று நிரப்பும் பிசிபி. ஒரே வீட்டுச் சமையல் என்பதால், தரம் வேறு விலை வேறு என்று சாக்கு சொல்ல முடியாது. மூன்றும் என் மேசையில் கழன்று கிடந்திருக்கின்றன.

முதலில் ஒரு கணக்கு. நான் பயன்படுத்தும் ஜேஎஸ்பி எக்ஸாக்ட் பெல்லட்டின் (ஏர் ரைபிள் குண்டு) எடை 0.547 கிராம். இது விநாடிக்கு 244 மீட்டரைத் தொட்டால் 16.3 ஜூல், இங்கிலாந்து வரம்பு அங்கே முடிந்துவிடும். அதனால் 235 முதல் 238 வரை வைத்துக்கொள்கிறேன். வெயில் நாளிலும் வேறு எடை பெல்லட்டிலும் வரம்பைத் தாண்டாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். இதே பெல்லட் இந்தியாவின் 20 ஜூலை எட்ட 270 மீட்டர் வேகம் வேண்டும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது தெர்மாமீட்டர் இல்லாமல் காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

எச்டபிள்யூ 80: கைக்குக் கட்டுப்படும் இரும்பு

பழையதாக வாங்கிய என் 80, சுடும்போது 'டொய்ங்' என்று ஒலிக்கும். கன்னம் பதியும் இடத்தில் அந்த அதிர்வு பல் வரைக்கும் வரும். பத்து குண்டு அளந்தால் அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கும் நடுவே 11 மீட்டர் வித்தியாசம். முப்பது மீட்டரில் குண்டுகள் மேலும் கீழுமாக விழுந்ததற்கு அதுதான் காரணம்.

இதைக் கழற்றுவது சுலபம் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், கொஞ்சம் எச்சரிக்கையோடு. தோளில் வைக்கும் கட்டையிலிருந்து குழலைப் பிரித்து, இரண்டு பின்களைத் தட்டி 'ரெகார்ட்' என்ற வைராஹின் டிரிகர் தொகுதியை எடுத்துவிட்டால், பின்பக்க மூடி மரையில் திருகிக் கழன்று வரும். மரை முடியும் கடைசிச் சுற்றில்தான் ஆபத்து. ஸ்பிரிங்கின் மீதி அழுத்தம் அங்கே காத்திருக்கும். முகத்தை நேரே வைக்காதீர்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்கிற மரச்சட்டம் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். அது இருந்தால் பயமே இல்லை.

வெளியே வந்த ஸ்பிரிங்கை கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தேன். நேராக உருளவில்லை, நொண்டியது. நடுவில் ஒரு வளைவு. உள்ளே ஸ்பிரிங்குக்கும் அதைத் தாங்கும் வழிகாட்டிக் குழாய்க்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. 'டொய்ங்' அங்கிருந்துதான் பிறந்திருக்கிறது. அடுத்து, பிஸ்டன் ஓடும் வெளிக்குழாயின் நீளப் பிளவை விரலால் தடவினால் சுருக்கென்று ஒரு பிசிறு. பிஸ்டனைப் பழையபடி உள்ளே தள்ளினால் காற்றைக் கசியாமல் அடைக்கும் புது சீலின் உதட்டை அது பிளேடு மாதிரி கிழித்துவிடும். சின்ன அரத்தாலும் உப்புத்தாளாலும் அந்த விளிம்பை மழுக்கவே ஒன்றரை மணி நேரம் போனது. இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தந்தது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அப்புறம் மசகு. இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். பிஸ்டனின் பக்கங்களில் மாலிப்டினம் பேஸ்ட், விரல் நுனியில் எடுத்து சாம்பல் நிறச் சாயம் போலத் தெரியும் அளவுக்கு மட்டும். ஸ்பிரிங்மேல் அதிர்வை அடக்கும் கெட்டியான டாம்பிங் கிரீஸ், அதுவும் மெல்லியதாக. பிஸ்டன் சீலுக்கு முன்னால் உள்ள அறையில் பெட்ரோலிய எண்ணெய் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. பிஸ்டன் காற்றை நசுக்கும்போது ஏறும் சூட்டில் அது டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும். வேகம் தாறுமாறாகும், சீல் கருகும். "ரெண்டு சொட்டு விட்டா நல்லா போகுது" என்று யாராவது சொன்னால் அவர் பார்த்தது இந்த வெடிப்பைத்தான்.

கனமான ஸ்பிரிங் போட்டால் வேகம் ஏறும் என்பதும் பாதி உண்மைதான். ஓர் அளவுக்கு மேல் பிஸ்டன் காற்று மெத்தையில் மோதித் திரும்பித் துள்ளும். கூடுவது உதைப்பும் தேய்மானமும்தான். எவ்வளவு காற்றை நசுக்குகிறது என்பதைப் பிஸ்டனின் அகலமும் அது ஓடும் தூரமும் தீர்மானிக்கின்றன. 80க்கு அது ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. நான் செய்தது எதிர்த்திசை: சற்று மென்மையான ஸ்பிரிங், அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் வழிகாட்டி, புது சீல். இப்போது சத்தம் 'தப்' என்று ஒரே அடி. பத்து குண்டில் வித்தியாசம் 4 மீட்டர்.

பராமரிப்பு என்று பார்த்தால் 80 கேட்பது மிகக் குறைவு. ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் கட்டையின் திருகுகளைச் சரிபாருங்கள். குறி திடீரென்று சிதறினால் ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் அவற்றைத்தான் பார்க்க வேண்டும். குழல் மடங்கும் இடத்து சீலில் காற்று கசிகிறதா என்று அறிய, அந்த மூட்டின்மேல் டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்துச் சுடுங்கள். பேப்பர் துடித்தால் சீலை மாற்றுங்கள், சில நிமிட வேலை. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது. காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் இரும்பில் போய் இடிக்கும். பெல்லட் போடும்போது மறு கை குழலை விடக் கூடாது, ஒருபோதும்.

எச்டபிள்யூ 90: நடுவில் நிற்பவர்

கேஸ் ராம் என்பது பிஸ்டனுக்குள்ளேயே அடைபட்ட அழுத்த வாயு. இங்கிலாந்தின் தியோபென் நிறுவனம் பிரபலமாக்கிய அமைப்பு. வைராஹ் அதை உரிமம் பெற்று 90இல் பொருத்தியது. இதில் சுருள் இல்லை, ஆகவே முறுக்கும் இல்லை, 'டொய்ங்'கும் இல்லை. குழலை மடக்கி மணிக்கணக்கில் சுடத் தயாராக வைத்திருந்தாலும் சோர்ந்துபோக இரும்பு இல்லை. சுருள் ஸ்பிரிங்கை அப்படி வைத்தால் மெல்ல மெல்லத் தளரும்.

90இன் பெரிய கவர்ச்சி, ரைபிளைப் பிரிக்காமலே தனிப் பம்பால் பின்பக்கமாக ராமின் அழுத்தத்தை ஏற்றி இறக்கலாம் என்பது. கேட்க இனிமையாக இருக்கும். செய்து பார்த்தால் தலைவலி. உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு மிகச் சிறியது, பம்பை இணைத்துக் கழற்றும்போதே கொஞ்சம் போய்விடும். சரியான வேகத்தில் நிறுத்த எனக்கு ஒரு மாலை முழுக்கத் தேவைப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு ஐந்து குண்டு, குரோனோகிராஃப், மறுபடி பம்ப்.

குளிர் இன்னொரு விஷயம். 20 டிகிரியில் சரிசெய்த ராமை 0 டிகிரிக்கு எடுத்துப் போனால் உள்ளழுத்தம் ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும்; வாயுவின் இயல்பு அது. ஜனவரி காலையில் என் 90இன் குறி தாழ்வாக விழுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே 80 கிட்டத்தட்ட அசையாமல் இருந்தது. உதைப்பும் மாறுபட்டது: சட்டென்று ஒரே வெட்டு, கூர்மையானது. அந்த வெட்டில் மலிவான ஸ்கோப்புகள் சீக்கிரம் உடைகின்றன.

ராமின் உள் சீல் போனால்? சுருள் ரைபிளில் இருபது நிமிடத்தில் ஸ்பிரிங் மாற்றுகிற நான், இதை அனுபவமுள்ள ஒருவரிடம் அனுப்பிவிட்டேன். அழுத்தம் அடைபட்ட பாத்திரத்தைச் சமையலறை மேசையில் திறக்க எனக்குத் துணிவில்லை, யாருக்கும் இருக்க வேண்டாம்.

எச்டபிள்யூ 100: உதைக்காத ரைபிள், விடாத வேலை

100ஐ முதல்முறை சுட்டவர் யாரும் அமைதியாக இருந்ததில்லை. உதைப்பே இல்லை என்று சொல்லலாம். 14 குண்டுகள் கொண்ட மேகசின், பக்கவாட்டு நெம்புகோல். 200 பார் (காற்றழுத்த அளவு) நிரப்பினால் உள்ளே உள்ள ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தை அளந்து விடுகிறது. பத்து குண்டில் வித்தியாசம் 2 மீட்டர்கூட வரவில்லை. வெளியிடத்தில் வெவ்வேறு தூர இலக்குகளைச் சுடும் ஃபீல்டு டார்கெட் போட்டி 1980இல் சசெக்ஸின் மேகம் டவுனில் தொடங்கியது. இப்போது அந்த மைதானங்களில் பிசிபிதான் அதிகம் தெரியும். காரணம் இந்த ஒழுங்குதான்.

ஆனால் வேலை இடம் மாறுகிறதே தவிர குறைவதில்லை. இங்கே எதிரி தூசி. ஒருமுறை இரவோடு இரவாக 30 பார் இறங்கியது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஒரு மூட்டில் மட்டும் ஊசிமுனைக் குமிழி. மூட்டை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் திருப்பியபோது அதன்மேல் ஒட்டியிருந்தது ஒரு பஞ்சு இழை, தலைமுடியைவிட மெல்லியது. ரிங்கில் கீறல் இல்லை. துடைத்து, சிலிகான் கிரீஸை மினுமினுப்புக்கு மட்டும் தடவிப் போட்டேன். கசிவு நின்றது.

ரெகுலேட்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்போது அடையாளம் ஒன்று உண்டு: ஓரிரவு சும்மா இருந்த பிறகு முதல் குண்டு மட்டும் வேகமாகப் போகும், இரண்டாவதிலிருந்து பழைய நிலை. அப்படி என்றால் ரெகுலேட்டரின் இருக்கையில் அழுக்கோ தேய்மானமோ. ரெகுலேட்டர் இல்லாத பிசிபிகளில் வேறொரு விசித்திரம். அளவுக்கு மேல் நிரப்பினால் வேகம் ஏறாது, இறங்கும். உள்ளழுத்தம் வால்வை மூடியே பிடித்துக்கொள்ளும், ரைபிளுக்குள் இருக்கும் சுத்தியலால் அதைத் தட்டித் திறக்க முடியாது.

மூன்று விஷயங்களில் தளர்வே கூடாது. காற்றை முழுவதும் வெளியேற்றாமல் ஒரு திருகையும் தொடக் கூடாது. 100இல் காற்று சிலிண்டரைத் தனியாகக் கழற்றிவிட முடிவது பெரிய நிம்மதி. உயர் அழுத்தப் பக்கத்தில் சாதா எண்ணெய் கூடாது. ஆக்சிஜன் புட்டியிலிருந்து நிரப்பவே கூடாது, உலர்ந்த காற்று மட்டும்தான். ஆக்சிஜனும் கிரீஸும் அந்த அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். கைப்பம்பில் நிரப்புபவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆற விடுங்கள். சூடும் ஈரப்பதமும் சேர்ந்துதான் உள்ளே துருவை உண்டாக்குகின்றன. முக்குளிப்புக் கடையில் புட்டி நிரப்ப முடிந்தால் அதுவே மேல், ஆனால் புட்டியைக் குறித்த காலத்தில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், அதற்கும் செலவு உண்டு.

அப்படியானால் எது?

வாரந்தோறும் போட்டிக்குப் போகிறவர், பக்கத்தில் காற்று நிரப்ப இடம் உள்ளவர், தாமதிக்காமல் 100ஐ எடுக்கலாம். குறியைப் பொறுத்தவரை மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது.

90ஐ யாருக்குச் சொல்வேன்? குளிர் அதிகம் இல்லாத இடத்தில், குழலை மடக்கித் தயாராக வைத்து, நெடுநேரம் காத்திருந்து சுடுபவருக்கு. மற்றபடி அது 80இன் எளிமையையும் தரவில்லை, 100இன் அமைதியையும் தரவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் 80தான். நான்கு கிலோவை ஒட்டிய எடை, உதைப்பைப் பழகிக்கொள்ள மாதக்கணக்கு. கட்டையை இறுகப் பிடிக்காமல் திறந்த உள்ளங்கையில் ஏந்திச் சுட வேண்டும், இல்லாவிட்டால் குறி நிற்காது. ஆனால் பம்பு வேண்டாம், புட்டி வேண்டாம், பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், ஒரு சீல். மூன்றையும் என் கையாலேயே மாற்றிவிடலாம்.

பழைய 80 ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் குரோனோகிராஃபைக் கையோடு எடுத்துப் போங்கள். விற்பவரின் அனுமதியோடு பத்து குண்டு அளந்து, தேதியோடும் பெல்லட் பெயரோடும் எழுதிக்கொள்ளுங்கள். வேகம் உங்கள் நாட்டு வரம்பைத் தாண்டினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வித்தியாசம் 10 மீட்டரைத் தாண்டினால் பயப்பட வேண்டாம், ஸ்பிரிங் செட்டுக்கும் சீலுக்கும் ஆகும் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள்.