ரேடியோவைப் பிடித்து வைக்க எந்த வழி? ஆடாசிட்டி, விஎல்சி, எஃப்எஃப்எம்பெக்

எங்கள் அம்மா தன் 81 வயதில் முதல்முறையாக ஒரு தமிழ் வானொலி நிகழ்ச்சிக்குப் போன் செய்து, முருகன் பாட்டு ஒன்றைக் கேட்டார். நாற்பது விநாடி பேசியிருப்பார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எந்தப் பக்கம் இருக்கிறோம், இந்த வருஷம் காவடி எடுப்பது யார், பாட்டு யாருக்காக என்று வரிசையாகச் சொன்னார். நான் அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டிருந்தேன். பேரன் பெயரைச் சொல்லும் இடத்தில் ஒரு மெசேஜ் மணி அடித்தது. இன்று பதிவில் கேட்பது அந்த மணிதான், பெயர் கேட்காது.

ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் இந்தியர்களோடு, மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறை கடந்து, எங்கள் வீட்டில் தடங்கல் இல்லாமல் தமிழ் பேசுவது அம்மா ஒருவர்தான். அந்த நாற்பது விநாடியை என்னால் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் ஆன்லைன் ரேடியோவைப் பதிவு செய்யும் வழிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பரிசோதித்தேன்.

முதலில் ஒரு விஷயம். எத்தனை புரோகிராம் இருந்தாலும் வழி இரண்டுதான். ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைப் பிடிப்பது ஒன்று. இணையத்திலிருந்து வரும் ஒலித் தரவை, வந்தது வந்தபடியே ஃபைலாக எழுதுவது இன்னொன்று. ஆடாசிட்டி முதல் வகை. விஎல்சியும் எஃப்எஃப்எம்பெக்கும் இரண்டாம் வகை. மூன்றுமே இலவசம். ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பிடிப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. குக்கர் விசிலும் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து வரும்.

ஆடாசிட்டியை நம் பக்கத்தில் நிறையப் பேர் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள், கோயில் பஜனையை வெட்டி ஒட்டப் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸில் ரேடியோ பதிவு செய்ய, ஆடியோ ஹோஸ்ட் என்ற இடத்தில் விண்டோஸ் வாசாபியைத் தேர்ந்தெடுத்து, ரெகார்டிங் டிவைஸில் லூப்பேக் என்று முடியும் பெயரை எடுக்க வேண்டும். அவ்வளவுதான், சிவப்புப் பொத்தானை அழுத்தலாம். மைக் வழியாகப் போகாததால் அறைச் சத்தம் வராது. ரேடியோ எந்த வெப்சைட்டில் ஓடினாலும், முகவரியே தெரியாவிட்டாலும், காதில் கேட்டால் பிடித்துவிடும். இதன் பெரிய பலம் அதுதான்.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. காதில் கேட்பதெல்லாம் பதிவாகும்: மெசேஜ் மணி, இன்னொரு டேபில் தானாக ஓடும் வீடியோ, எல்லாமே. பிளேயரின் வால்யூமை யாராவது குறைத்தால் பதிவும் மெலிந்துவிடும். இதற்கு மேல் இடப் பிரச்சினை. ஆடாசிட்டி வழக்கமாக 32 பிட்டில் எழுதும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1.27 ஜிபி. அதே ஒரு மணி நேரம், 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3ஆக இணையத்தில் வரும்போது 58 எம்பிக்கும் குறைவு. வந்தது 58 எம்பி, அதை ஜிபி கணக்கில் விரித்து வைத்து, பிறகு மீண்டும் எம்பி3ஆகச் சுருக்குகிறோம். இரண்டாவது தடவை சுருக்கும்போது ஒலி இன்னும் கொஞ்சம் தேயும். பேச்சுக்கு இது தெரியாது. நாதஸ்வரத்திலும் ஜால்ராவிலும் தெரியும், குறிப்பாக 64 கேபிபிஎஸில் வரும் ஸ்டேஷன்களில்.

விஎல்சியில் இந்தச் சிக்கல் கிடையாது. மீடியா மெனுவில் நெட்வொர்க் ஸ்ட்ரீம் திறந்து முகவரியை ஒட்டுங்கள். வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ஸை டிக் செய்தால் ஒரு சிவப்புப் பொத்தான் வரும். அதை அழுத்தினால் வந்த தரவு அப்படியே மியூசிக் ஃபோல்டரில் விழும். விஎல்சியின் சத்தத்தை நிறுத்தி வைத்தாலும் பதிவு முழுச் சத்தத்தில் இருக்கும். மெசேஜ் மணி அடித்தாலும் உள்ளே வராது. அம்மாவின் நாற்பது விநாடி அன்று விஎல்சியில் பதிவாகியிருந்தால் பெயரும் பத்திரமாக இருந்திருக்கும்.

முகவரி எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்டேஷன் பக்கத்தைப் பிரவுசரில் ஓடவிட்டு, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபில் மீடியா என்று வடிகட்டுங்கள். நீளமாக ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வரி தெரியும், அதுதான் முகவரி. மீடியாவில் எதுவும் வராவிட்டால், வடிகட்டியை எடுத்துவிட்டு எம்3யு8 என்று முடியும் வரியைத் தேடுங்கள். சில ஸ்டேஷன்கள் முகவரிக்குள் தற்காலிக எண் ஒன்றைச் சேர்த்து வைக்கும். இன்று வேலை செய்யும், நாளை செய்யாது. அந்த மாதிரி ஸ்டேஷனுக்கு ஆடாசிட்டியே மேல்.

ஆனால் விஎல்சிக்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் பதிவு நின்றுவிடும். நீங்கள் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலில் தீபாராதனையில் நிற்பீர்கள், வீட்டில் பதிவு பதினைந்தாவது நிமிஷத்திலேயே முடிந்திருக்கும். ஞாயிறு காலையில் கோயிலுக்கும் போக வேண்டும், நிகழ்ச்சியும் வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. என் அம்மா அந்த ரகம். 1983இல் இங்குள்ள இந்தியர்களுக்கான வானொலியாக ரேடியோ லோட்டஸ் தொடங்கிய நாளிலிருந்தே அவருடைய ஞாயிறு ரேடியோவோடுதான் தொடங்குகிறது. புரட்டாசியில் கோயில் வேலை கூடும்போது இரண்டும் மோதும்.

அந்த மோதலைத் தீர்த்தது எஃப்எஃப்எம்பெக். பார்க்கப் பயமாக இருக்கும், உண்மைதான். ஜன்னல் கிடையாது, பொத்தான் கிடையாது, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும். அந்த வரியில் சொல்ல வேண்டியது நான்கே விஷயம்: எந்த முகவரி, ஒலியை மாற்றாமல் நகலெடு, எத்தனை விநாடி, எந்தப் பெயரில் சேமி. இரண்டு மணி நேரம் என்றால் 7200 விநாடி. இணைப்பு அறுந்தால் தானே மறுபடி சேர்ந்துகொள்ளச் சொல்லும் கட்டளையும் இருக்கிறது, அதை முகவரிக்கு முன்னால் எழுத வேண்டும். தெரிந்த பிள்ளை யாராவது ஒருமுறை எழுதிக் கொடுத்தால் போதும், அதை ஒரு பேட்ச் ஃபைலாக, அதாவது திறந்தாலே அந்தக் கட்டளை ஓடும் ஃபைலாகச் சேமித்துவிடலாம். பிறகு விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நாளும் நேரமும் குறித்து, தூங்கும் கம்ப்யூட்டரை எழுப்பு என்பதையும் டிக் செய்துவிட்டால் ஆளே வேண்டாம்.

நேரம் குறிப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. தென்னாப்பிரிக்கா, இந்தியா, சிங்கப்பூர் மூன்றிலும் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. சென்னை நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், சிங்கப்பூர் ஆறு மணி நேரம் முன்னால், வருஷம் முழுக்க அப்படியே. சென்னையின் காலை 6 மணி நமக்கு இரவு 2:30. சிங்கப்பூர் ஒலி 968இன் காலை 6 மணி நமக்கு நள்ளிரவு. ஒருமுறை குறித்தால் மறுபடி தொட வேண்டாம். லண்டன் ஸ்டேஷன் என்றால் மட்டும் மார்ச்சிலும் அக்டோபரிலும் மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது, நம் ஊரில் இருப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய ஒன்று: கரண்ட். 2023இல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது, இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போனது. ஃபைல் இருக்கிறது, ஆனால் திறக்கவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. நான் எம்4ஏ ஆகச் சேமித்திருந்தேன். அந்த வகை ஃபைலில், எந்த ஒலி எங்கே இருக்கிறது என்ற பட்டியல் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் நின்றால் பட்டியல் இல்லை, பட்டியல் இல்லாவிட்டால் 110 நிமிஷமும் வீண். எம்பி3 அப்படியல்ல. சின்னச் சின்னத் துண்டாக எழுதிக்கொண்டே போகும், எங்கே அறுந்தாலும் அதுவரை கேட்கும். எம்பி3க்குப் பதில் ஏஏசி என்ற வகையில் ஒலி அனுப்பும் ஸ்டேஷன் என்றால் எம்4ஏ வேண்டாம், வெறும் ஏஏசியாகவோ எம்கேவியாகவோ சேமியுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு ஃபைலாகப் பிரித்தும் எழுதலாம். எனக்கு இது இன்னும் நிம்மதி. ஆடாசிட்டியும் இந்த இடத்தில் மோசமில்லை. கரண்ட் வந்து மறுபடி திறந்தால் பாதியில் நின்ற பதிவை மீட்டுத் தரட்டுமா என்று கேட்கும், பெரும்பாலும் மீட்டும் தரும்.

லோட்ஷெடிங் காலத்தில் நிறைய வீடுகளில் ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் வாங்கினோம் அல்லவா, அது இன்னும் இருந்தால் எடுத்து மாட்டுங்கள். லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் யுபிஎஸ்ஸில் ஓடும், பதிவு நிற்காது. ஆனால் டாஸ்க் ஷெட்யூலர், லேப்டாப் பேட்டரிக்கு மாறினால் வேலையை நிறுத்து என்று தானாகவே டிக் போட்டு வைத்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யுபிஎஸ் வாங்கியும் பயனில்லை. டேட்டா வாங்கிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பதிவு செய்வதற்குத் தனியாக டேட்டா செலவாகாது, கேட்பதற்கு ஆகும் அளவுதான். ஒருமுறை பதிவு செய்து பத்து முறை கேட்டால் மிச்சம்தான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு விஎல்சியும் எஃப்எஃப்எம்பெக்கும் அப்படியே ஓடும். ஆடாசிட்டியின் லூப்பேக் மட்டும் அங்கே கிடையாது. பிளாக்ஹோல் என்ற இலவசப் புரோகிராமைச் சேர்க்க வேண்டும், அல்லது காசு கொடுத்து ஆடியோ ஹைஜாக் வாங்க வேண்டும்.

அப்படியென்றால் ஆடாசிட்டியைத் தூக்கிப் போடலாமா? கூடாது. பதிவு செய்ய அதை நான் கடைசியில்தான் வைப்பேன், ஆனால் பதிவு முடிந்த பிறகு அதற்கு ஈடு எதுவும் இல்லை. என் மகள் தமிழ் கற்கிறாள். ஆகாசவாணிச் செய்தியின் வேகம் அவளுக்குப் பிடிபடவில்லை. இரவில் எஃப்எஃப்எம்பெக் பிடித்து வைத்ததை ஆடாசிட்டியில் திறந்து, ஐந்து நிமிஷம் வெட்டி, சேஞ்ச் டெம்போவில் இருபது சதவீதம் மெதுவாக்குகிறேன். குரலின் சுருதி மாறாது, பேச்சு மட்டும் நிதானமாகும். ழகரமும் ளகரமும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கியது அப்படித்தான். ஏஏசி ஃபைலைத் திறக்க ஆடாசிட்டிக்கு எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பதிவு செய்ததை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டும் அறிவிப்பாளர் குரலும் அவரவர் உரிமை, யூடியூபில் ஏற்றுவது சரியல்ல.

யாராவது ஒரே ஒரு நிகழ்ச்சிக்காகக் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்றால், விஎல்சி என்பேன். வாரா வாரம் வேண்டும் என்றால் ஒரு மாலை நேரத்தைச் செலவழித்து எஃப்எஃப்எம்பெக்கை அமைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது ஞாயிறு தவறாமல் ஓடுகிறது. அம்மா கோயிலிலிருந்து வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு ஹெட்போன் கேட்கிறார். அடுத்த தைப்பூசத்துக்கு மறுபடி போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு லேப்டாப்பில் எஃப்எஃப்எம்பெக்கும், மகள் கம்ப்யூட்டரில் விஎல்சியும், இரண்டுமே ஓடும்.