சூட்கேஸ் ரெக்கோட் பிளேயர்: மூன்று மாதம் பாவித்த பிறகு

பெரியப்பா கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன இசைத்தட்டுக் கட்டு எங்கள் வெள்ளவத்தை வீட்டு அலுமாரிக்கு மேல் பல வருடமாகக் கிடந்தது. போன மழைக்காலத்தில் இறக்கிப் பார்த்தால் உறையெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். சரி, முழுதும் பழுதாகுமுன் ஒரு தடவையாவது கேட்டுவிடுவோம் என்று காலி வீதிக் கடை ஒன்றில் 38,000 ரூபாய் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன். பிராண்டைச் சொல்லப் போவதில்லை. இந்த ரக மலிவுப் பெட்டிகள் அனேகமானவற்றுக்குள் இருப்பது ஒரே மாதிரிச் சாமான்தான்.

பார்க்க அழகு, அதில் குறையே இல்லை. முதல் தட்டைப் போட்டதும் அம்மா, “ரேடியோ சிலோன் கேட்ட மாதிரியே கரகரக்குது” என்றா. கடைக்காரர் கேட்டிருந்தால் பாராட்டு என்று எடுத்திருப்பார்.

உண்மையான பிரச்சினை ஊசிதான். நல்ல டேர்ன்டேபிளில் (ஸ்பீக்கர் இல்லாமல் தட்டைச் சுழற்றும் தனிக் கருவி) ஊசி தட்டின் மேல் 2 கிராம் அளவில்தான் அழுத்தும், இதில் ஊசியைத் தாங்கும் தலை மலிவான செராமிக் காட்ரிஜ், 5 கிராமுக்குக் கிட்ட அழுத்துகிறது, குறைக்க எடைத் திருகும் இல்லை. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் சத்தத்தைக் கூட்டினால் அதிர்வு திரும்ப ஊசிக்கே போய்ச் சேரும். எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கம் வேறு, கோட்டைக்குப் போகும் ரயில் ஒவ்வொன்றுக்கும் பாட்டு ஒரு வரி தாண்டிக் குதிக்கும்.

பழைய அரக்குத் தட்டுகளுக்கென்று 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்றும் ஒரு வேகம் போட்டிருக்கிறார்கள். நம்பிவிடாதீர்கள். அந்தத் தட்டின் பள்ளம் அகலமானது, இதிலிருக்கும் ஊசி எல்பிக்கான (பிறகு வந்த பிளாஸ்டிக் தட்டு) மெல்லிய ஊசி, அடியில் போய் உரசி இரைச்சல்தான் வரும். அந்தத் தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்கவும் வேண்டாம், அரக்கு கரைந்துவிடும்.

அமெரிக்காவில் 2022இல் 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகள் விற்க, சீடி 3 கோடியே 30 இலட்சம்தான் விற்றதாம், 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தியது அப்போதுதான். அந்த அலை இங்கே வந்து சேர்ந்தபோது முதலில் கடை ஏறியது இந்தப் பெட்டிதான், புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் எல்லாரும் இதையே வாங்குகிறார்கள்.

என்னைக் கேட்டால், இதே காசுக்குக் கொஞ்சம் அலைந்து பாவித்த டேர்ன்டேபிள் ஒன்றைப் பிடியுங்கள். பெல்ட் மாற்ற வேண்டியிருக்கும், தனி ஸ்பீக்கரும் தேவை, ஆனால் தட்டு தப்பும். ஒன்று மட்டும் கவனம்: ஜப்பானிலிருந்து வந்ததென்றால் அது அனேகமாக 100 வோல்ட், நம்முடைய 230இல் நேரே குத்தினால் புகைதான் வரும், டிரான்ஸ்போமர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஐந்துக்கு இரண்டு. என்னுடையதை அரை விலைக்குத் தருகிறேன், ஊசி போன கிழமைதான் மாற்றினேன்.