கட்டானா, கேரமா, கோட்நேம்ஸா? நாலு பேர் கூடும் சாயங்காலத்துக்கு எது சரி

வீட்டுக்கு ஆறேழு பேரைக் கூப்பிட்டு, டிவி போடாமல், ஆளுக்கொரு மூலையில் போனை நோண்டாமல், சிரித்துப் பேசி விளையாடிவிட்டு அனுப்பி வைக்க வேண்டும். எந்த ஆட்டத்தை எடுத்து நடுவில் வைப்பது? எங்கள் வீட்டில் இதற்கென்று மூன்று இருக்கின்றன. கட்டான், கோட்நேம்ஸ் இரண்டும் அலமாரியில். கேரம் போர்டு அலமாரிக்குள் அடங்காது என்பதால் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பிறகு நான் கோட்நேம்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன். எனவே இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மோனோபோலி ஏன் கணக்கில் இல்லை என்று கேட்பீர்கள். அதில் முதலில் திவாலாகிறவர் மீதி நேரம் முழுக்க வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அது போதாதென்று, ஒருவர் வாங்காமல் விட்ட இடத்தை உடனே ஏலம் விட வேண்டும் என்ற விதியை யாரும் கண்டுகொள்வதில்லை. அபராதப் பணத்தை நடுவில் குவித்து ஃப்ரீ பார்க்கிங்கில் நிற்பவருக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. பணம் திரும்பத் திரும்ப உள்ளேயே சுற்றினால் ஆட்டம் எப்படி முடியும்? ரம்மியைப் பொறுத்தவரை, காசு வைக்காவிட்டால் ருசிக்காது, வைத்தால் அது வேறு மாதிரி இரவாகிவிடும். இரண்டையும் இத்தோடு விட்டுவிடுவோம்.

ஆட்டம் வாங்குகிறவர்கள் பொதுவாக விலை, விதிகள் எளிதா, எத்தனை பேர் ஆடலாம் என்று பார்ப்பார்கள். அதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். பெட்டியில் போடாத ஒன்றுதான் என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: நடுவில் ஒருவர் எழுந்து போனால் ஆட்டம் நிற்குமா, ஓடுமா? பாதியில் வருகிறவரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா?

நம் வீடுகளில் யாரும் ஒரே நேரத்துக்கு வருவதில்லை. ஆறு மணி என்று சொன்னால் ஒரு ஜோடி ஆறரைக்கு வரும், அடுத்த ஜோடி வேளச்சேரி சிக்னலில் மாட்டிக்கொண்டு ஏழே காலுக்கு வரும். வந்த பிறகும் ஒரு குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து அம்மாவைத் தேடும். ஒருவருக்கு ஊரிலிருந்து போன் வரும், அதை வைக்கச் சொல்ல முடியாது. எட்டரைக்கெல்லாம் ஒருவர் "காலையில ஷிப்ட்" என்று செருப்பைத் தேடுவார். இதில் அதிகம் எழுந்து போகிறவர் வேறு யாருமில்லை, கூப்பிட்டவர்தான். சட்னி தாளிக்க வேண்டும், தோசையைத் திருப்பிப் போட வேண்டும், வாசல் மணி அடித்தால் கதவைத் திறக்க வேண்டும். அவர் எழுந்ததும் ஆட்டம் நின்றுபோனால், மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்ற பதற்றத்தோடுதான் தோசை ஊற்றுவார். இல்லையென்றால் "நீங்க ஆடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அடுப்படியிலேயே தங்கிவிடுவார். அந்த "நான் பாத்துக்கிறேன்" பெரும்பாலும் ஒரு பெண்ணின் வாயிலிருந்துதான் வருகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் கட்டான்தான் முதலில் அடிபடுகிறது. ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் டாய்பர் உருவாக்கி 1995-ல் வந்த ஆட்டம் இது. அதே ஆண்டு அந்நாட்டின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை வாங்கியது. பத்தொன்பது அறுகோண அட்டைகளை அடுக்கினால் ஒரு தீவு. அதில் ஊர் அமைத்து, சாலை போட்டு, செங்கல்லும் மரமும் ஆட்டுரோமமும் பண்டமாற்று செய்து, பத்துப் புள்ளியை முதலில் தொடுபவர் ஜெயிப்பார். "ஒரு செங்கல் குடு, ரெண்டு ஆடு தரேன்" என்று பேரம் பேசுவது அலாதி சுகம்.

ஆனால் அந்த சுகமே ஆளைக் கட்டிப் போடுகிறது. யார் பகடை உருட்டினாலும், விழுந்த எண்ணுள்ள நிலத்தின் ஓரத்தில் ஊர் வைத்திருப்பவருக்கெல்லாம் சரக்கு வரும். ஆக, அடுத்தவர் முறையிலும் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். ஏழு விழுந்துவிட்டால், கையில் ஏழுக்கு மேல் சீட்டு வைத்திருப்பவர் பாதியைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு பகடையில் அடிக்கடி விழுவதும் ஏழுதான். அடுப்படிக்குப் போனவரின் சீட்டை யார் எண்ணுவது, எதைப் போடுவது என்று அவரே முடிவு செய்தால்தானே சரி? ஒருவர் பாதியில் வீட்டுக்குக் கிளம்பினால் இன்னும் மோசம். அவர் போட்ட சாலைகளும் ஊர்களும் ஆளில்லாமல் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அடிப்படைப் பெட்டியில் ஆடக்கூடியது மூன்று அல்லது நான்கு பேர். ஐந்தாறு பேர் ஆட விரிவுப் பெட்டி தனியாக வாங்க வேண்டும், ஒருவர் முறைக்கும் அடுத்த முறைக்கும் உள்ள இடைவெளியும் நீளும். இவ்வளவுக்கும் முன்னால் விதிகளை விளக்க வேண்டும். அதை விளக்கி முடிப்பதற்குள் போண்டா ஆறிவிடும்.

ரயில் பாதை போடும் டிக்கெட் டு ரைட் இதைவிடச் சுலபம், முறைக்கு முறை நடுவில் எழுந்து போகவும் முடியும். ஐந்து பேர் வரைதான் என்பது குறை. அதை நான் நண்பர் வீட்டில் ஆடியதோடு சரி, சொந்தமாக வைத்துக்கொண்டு பழகவில்லை.

கேரம் அப்படியில்லை, நான் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான போட்டியாளர். சென்னைக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். 1991-ல் முதல் உலகச் சாம்பியன் ஆனவர் இந்த ஊர் மரிய இருதயம். 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இங்கிருந்து போனவர்தான். விதி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரெட் போட்டால் ஃபாலோ போட வேண்டும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு போர்டு கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், தோற்ற ஜோடி எழுந்தால் அடுத்த ஜோடி உட்காரலாம். தாமதமாக வருகிறவர், சீக்கிரம் கிளம்புகிறவர் எல்லோருக்கும் இடம் உண்டு. என் பரீட்சையில் கேரம் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்குகிறது.

பிறகு ஏன் அது பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது? முதல் காரணம் கைத்திறன். கூட்டத்தில் யாரோ ஒருவர் ஹாஸ்டலில் நாலு வருஷம் கேரம் ஆடியே கழித்தவராக இருப்பார். ஸ்ட்ரைக்கரை வைத்தால் ஐந்து காயினைப் போட்டுவிட்டுத்தான் கையை எடுப்பார். எதிரில் இருப்பவருக்கு முறையே வராது. கோபப்பட முடியாது, அவர் நன்றாக ஆடுகிறார் அவ்வளவுதான்; ஆனால் மூன்றாவது போர்டுக்கு மேல் மற்றவர்கள் "நீங்க ஆடுங்க" என்று நழுவ ஆரம்பிப்பார்கள். இரண்டாவது, ஒரு நேரத்தில் நான்கு கைதான். மீதி நான்கு பேர் பார்வையாளர்கள், அதில் இரண்டு பேர் போனுக்குள் போய்விடுவார்கள். பவுடர் பஜ்ஜித் தட்டில் பறப்பதும், கீழ் வீட்டுக்காரர் மறுநாள் லிஃப்டில் ஒரு மாதிரி பார்ப்பதும் சில்லறைக் காரணங்கள். இவற்றுக்காக மட்டும் கேரமை ஒதுக்கியிருக்க மாட்டேன்.

இனி என் கட்சி. கோட்நேம்ஸ் செக் நாட்டு விளாதா க்வாட்டில் உருவாக்கி 2015-ல் வந்தது. மறு ஆண்டு அதே ஜெர்மன் விருது இதற்குக் கிடைத்தது. வரிசைக்கு ஐந்தாக இருபத்தைந்து சொல் அட்டைகளை மேஜையில் பரப்புவார்கள். இரண்டு அணி. அணிக்கு ஒருவர் துப்புக் கொடுப்பவர். எந்தச் சொல் எந்த அணிக்கு என்ற வரைபடம் அவர்கள் இருவர் கண்ணுக்கு மட்டும். முதலில் தொடங்கும் அணிக்கு ஒன்பது சொல், மற்றதற்கு எட்டு, ஏழு யாருக்கும் சொந்தமில்லாதவை, ஒன்று கறுப்பு. துப்பு என்பது ஒரே ஒரு சொல்லும், அது எத்தனை அட்டைக்குப் பொருந்தும் என்று காட்டும் ஓர் எண்ணும். அதை வைத்து அணியினர் தங்கள் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். தன் அணி கறுப்பைத் தொட்டுவிட்டால் அந்த இடத்திலேயே தோல்வி.

விதி இவ்வளவுதான், நின்றுகொண்டே சொல்லிவிடலாம். பெட்டியில் வரும் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதுதான் சிக்கல். எங்கள் வீட்டுக் கூட்டத்தில் பெரியப்பாவும் மாமியாரும் உண்டு, அவர்கள் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் பெட்டியில் இருந்த வரைபட அட்டைகளையும் வண்ண அட்டைகளையும் வைத்துக்கொண்டு, சொல் அட்டைகளை மட்டும் தமிழில் நாங்களே எழுதினோம். விசிட்டிங் கார்டு அளவுக் கெட்டி அட்டை, கறுப்பு மார்க்கர். எதிரெதிரே உட்கார்ந்தாலும் படிக்க முடிகிற மாதிரி ஒரே சொல்லை நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை எழுத வேண்டும். அன்பு, சுதந்திரம் போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள், அவை எல்லாத் துப்புக்கும் பொருந்தித் தொலைக்கும். கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாக, முடிந்தால் இரண்டு அர்த்தம் உள்ளதாக இருக்கட்டும்: படி, மாலை, ஆறு, அடி, மணி, கல்.

அன்று மாமியார் துப்புக் கொடுத்தார்: "பட்டம், நாலு." அவர் அணி மேஜையைப் பார்த்தது. கல்லூரி, சரி. இளவரசன், பட்டம் சூட்டுவார்கள், சரி. நூல், பட்டம் விட வேண்டுமே, அதுவும் சரி. நான்காவதுக்குத்தான் தகராறு. "மாடிதான், மொட்டை மாடியில நின்னுதானே விடுவோம்" என்று மச்சான் அட்டை மேல் விரலை வைக்கப் போனார். மாடிதான் கறுப்பு. மாமியார் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது விதி. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து சிக்னலில் மாட்டியவர்கள் உள்ளே வந்தார்கள். "என்ன ஓடுது?" "பட்டம், நாலு. மூணு கண்டுபிடிச்சாச்சு." வந்த பெண் கைப்பையைக்கூட இறக்கவில்லை. மேஜையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வால்" என்றாள்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். அவளுக்கு விதி தெரியாது, முன்னால் நடந்தது தெரியாது, எந்த அணி என்றுகூட யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வாசலில் நின்றபடியே ஆட்டத்துக்குள் வந்துவிட்டாள். கட்டானில் இது நடக்கவே நடக்காது. கேரமில் அடுத்த போர்டு வரை காத்திருக்க வேண்டும். போகிறவருக்கும் இதே சௌகரியம். அணியில் நான்கு பேர் மூவராவார்கள், அவ்வளவுதான். நான் தோசை ஊற்றிக்கொண்டே அடுப்படியிலிருந்து "ஏணியா இருக்குமோ?" என்று கத்தியிருக்கிறேன். துப்புக் கொடுக்கும் இருவர்தான் சுற்று முடியும் வரை அசையக் கூடாது, அதனால் அந்த வேலையைச் சமைப்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. துப்புக் கொடுப்பவர் யோசிக்கும்போது அறை அமைதியாகிவிடும், சிலர் ரொம்பவே யோசிப்பார்கள். பெட்டியில் மணல் கடிகாரம் இருக்கிறது. அதைத் திருப்பி வைத்தால் சொந்தக்காரர்கள் மனம் கோணுவார்கள் என்று நாங்கள் வைப்பதில்லை, கடலையை நகர்த்தி வைக்கிறோம். அப்புறம் 'இந்தத் துப்பு செல்லாது' சண்டைகள். மேஜையில் மாடி இருக்கும்போது மாடிப்படி என்று துப்புச் சொல்ல முடியாது. விகுதி சேர்த்து ஏமாற்றுவதும் கூடாது. சினிமாப் பெயர் செல்லும் என்று வைத்துக்கொண்டோம். அது செல்லாது என்றால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வாயே திறக்காது. வாயாடிகள் அணியை இழுத்துக்கொண்டு போவதும் உண்டு, மெதுவாகப் பேசுகிறவரைத் துப்புக் கொடுக்க உட்கார வைத்தால் கொஞ்சம் சரியாகும்.

படித்துப் பழகாத குழந்தைகள் இருந்தால் எப்படி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொற்களுக்குப் பதில் படங்கள் உள்ள பதிப்பு ஒன்று இருக்கிறது, அதில் இருபது அட்டைதான். ஓரிரு சுற்று ஆடிய வரையில் பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். பெரியவர்களுக்கு அந்தப் படங்கள் குழப்பமாக இருந்தன. பத்துப் பேருக்கு மேல் கூடினால் என்ன ஆகும் என்பதும் எனக்குப் பழக்கமில்லை, எங்கள் ஹாலில் அத்தனை பேர் உட்கார முடியாது.

நான்கு பேருக்குக் குறைந்தால் கோட்நேம்ஸை எடுக்காதீர்கள், சப்பென்று இருக்கும். இரண்டு பேருக்கென்றே தனிப் பதிப்பு உண்டு, அது வேறு ஆட்டம். எட்டரை மணிக்காரர்கள் கிளம்பி, பிள்ளைகள் தூங்கி, பாத்திரம் கழுவியாகி, மூன்று பேர் இன்னும் சோபாவை விட்டு எழாமல் இருந்தால் அப்போது கட்டானை இறக்கலாம். அந்த நேரத்தில் யாரும் எங்கேயும் எழுந்து போக வேண்டியதில்லை.