ஸ்போர்ட் மோடு: தினசரி ஓட்டத்துக்கு எப்படி?

நான் ஓட்டுவது ஹூண்டாய் வென்யூ கார், 1.0 லிட்டர் டர்போ எஞ்சின், 7 கியர் டிசிடி (இரட்டை கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). ஸ்போர்ட் மோடில் போட்டால் எஞ்சினின் சக்தி 120 பிஎஸ்ஸுக்கு (குதிரைத்திறன்) மேல் கூடிவிடாது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தாலே சட்டென்று வேகமெடுக்கும், கியர்பாக்ஸ் சீக்கிரம் மேல் கியருக்குப் போகாது, அவ்வளவுதான். ஆனால் ஏற்காடு மலைப்பாதையில் அதுவே பெரிய விஷயம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் திரும்பி ஏறும்போது இழுவை தயாராக இருக்கும். டர்போ வேகம் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். சென்னை ஜிஎஸ்டி சாலையில் லாரியை முந்தவும் அருமை.

குரோம்பேட்டை நெரிசலில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஊர்ந்து போகும்போது வண்டி துள்ளும், பெட்ரோல் வீணாகும், பின்சீட்டில் அம்மாவுக்குத் தலைசுற்றும். அங்கே நார்மல் போதும்.

அப்புறம், மலை இறங்கும்போதும் ஸ்போர்ட்டிலேயே விடுங்கள். கீழ் கியரில் எஞ்சினே வண்டியை ஓரளவு இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும்.