18,400 ரூபாய் போய்விட்டது: சைக்கிள் டூரிங் கிட் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோத்தகிரியிலிருந்து திரும்பி ஐந்து நாள் ஆகிறது. ஸ்லீப்பிங் பேக் இரண்டும் மொட்டைமாடிக் கொடியில் இன்னும் ஈரமாகத்தான் தொங்குகின்றன. இன்று காலை, கிட்டை எனக்கு விற்ற ஆள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மொத்தம் 18,400 ரூபாய்.

தீபாவளி லீவில் நானும் சித்தி மகனும் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி என்று சைக்கிளில் போவதாகத் திட்டம். அவனுக்கு 19 வயது, இதுதான் முதல் பயணம். கீழே வெயில், மேலே குளிர், ஐப்பசி மாதம் என்பதால் அடைமழை. எல்லாவற்றுக்கும் தாங்குகிற சாமான் வேண்டும். காட்டுப் பகுதியில் கூடாரம் போட விடமாட்டார்கள் என்பதால், கோத்தகிரியில் தெரிந்த ஒரு குடும்பத்தின் வீட்டுப் பின்புறத்தில் போட்டுக்கொள்வதாகப் பேசி வைத்திருந்தேன்.

பழையது, புதியது எல்லாம் விற்கிற ஒரு ஆப்பில் விளம்பரம் பார்த்தேன். இருவர் படுக்கும் கூடாரம், இரண்டு ஸ்லீப்பிங் பேக், ஒரு ஜோடி பேனியர் (கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும்) பை, பின்பக்கக் கேரியர். எல்லாம் புதுசு, எந்தச் சீதோஷ்ணத்துக்கும் ஏற்றது, 19,500 ரூபாய் என்று போட்டிருந்தது.

போன் செய்தேன். அந்த ஆள் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எந்த ரூட் அண்ணா?" என்றுதான் ஆரம்பித்தான். கோத்தகிரி என்றதும், "மேட்டுப்பாளையத்துலயே தண்ணிய ரொப்பிக்கோங்க, விடியறதுக்குள்ள ஏற ஆரம்பிச்சிடுங்க, வெயில் ஏறிட்டா கஷ்டம்" என்றான். என் சைக்கிளின் டயர் அகலத்தைக் கேட்டான். பின்பக்கம் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேட்டான். தம்பி ஏற்றத்தில் பழகியிருக்கிறானா என்றுகூடக் கேட்டான். இப்படிக் கேட்கிறவன் நம்மைப் போல சைக்கிள் மிதிக்கிறவனாகத்தான் இருப்பான் என்று நம்பினேன். நான் விழுந்தது அங்கேதான்.

அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினான். மாடியில் கூடாரத்தைப் போட்டு, பச்சை வாளியில் இருந்த தண்ணீரை மேலே கொட்டுகிறான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. உள்ளே கையை விட்டு, காய்ந்திருக்கிறது என்று காட்டுகிறான். நாலு தடவை பார்த்தேன், தம்பிக்கும் காட்டினேன். கோட்டிங் உள்ள எந்தத் துணியும் ஒரு வாளித் தண்ணீரைப் பத்து நொடி தாங்கும் என்பது அப்போது தோன்றவில்லை. ஒழுகுவது தையலில், தரைத்துணியின் மூலையில், அதுவும் மழை மணிக்கணக்கில் நின்று பெய்யும்போது. அந்த வீடியோவில் ஒரு தையலைக்கூடக் காட்டவில்லை.

"ஆப்ல போட்டா கமிஷன் போகுதுண்ணா. நேரா ஜிபே பண்ணுங்க, 18,400க்கு முடிச்சிக்கலாம். பில்லு பார்சல்லயே வரும்" என்றான். அனுப்பினேன். பார்சல் வந்தது, பில் வரவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் மாலைதான் வந்தது. கூடாரத்தை ஒருமுறை விரித்து, முளைகளை எண்ணிப் பார்த்து மடித்து வைத்தேன். அதற்கு மேல் பார்க்க நேரமில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏற்றம். பாதி வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில் கேரியர் அப்படியே ஒருபக்கமாகத் திரும்பி, பை சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. நடை வேகத்தில் ஏறிக்கொண்டிருந்ததால் பிழைத்தேன். இறக்கத்தில் நடந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. 25 கிலோ தாங்கும் என்றுதான் விற்றான். அது சீட் கம்பியை மட்டும் கவ்விப் பிடிக்கிற வகை. கழற்றிப் பார்த்தால், அடிப்பக்கம் 10 கிலோ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. நான் வைத்திருந்தது 14 கிலோ. மிச்ச தூரத்தை பைகளை தம்பியின் கேரியரில் கட்டிப் பெரும்பாலும் தள்ளிக்கொண்டே போனோம்.

இரவு பத்து மணிக்கு மழை பிடித்தது. முதலில் எங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்தான் உள்ளே படிகிறது என்று நினைத்தேன், குளிர் இடத்தில் அது சகஜம். டார்ச் அடித்துப் பார்த்தால் கூரைத் தையல் நெடுகச் சொட்டுகிறது. உள்பக்கம் தையல் மேல் ஒட்டியிருக்க வேண்டிய டேப்பே இல்லை. ஒரு மணிக்கெல்லாம் படுக்கை ஊறிவிட்டது. வாட்டர்ப்ரூஃப் என்று சொன்ன பேனியருக்குள் மாற்றுத்துணியும் ஊறியிருந்தது. தம்பிக்குப் பல் கிட்டித்தது, பேச வரவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்து, அவன் தலையைத் துவட்டிவிட்டார். அந்த வீடு பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால்?

ஊட்டி போகவில்லை. மறுநாள் பஸ்ஸில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டோம்.

இதையெல்லாம் விற்றவனிடம் சொன்னதற்கு அவன் தந்த பதில்களைக் கேளுங்கள். முதல் நாள், "பாத்துட்டு சொல்றேன்ணா." இரண்டாம் நாள், "நீங்க கயித்த டைட்டா கட்டிருக்க மாட்டீங்க." தையல் போட்டோவை அனுப்பினேன். "மலை மழைக்கு எந்த டென்ட்டும் தாங்காதுண்ணா." மூன்றாம் நாள், "யூஸ் பண்ண பொருளை நான் எப்படி திருப்பி எடுக்கறது?" நாலாம் நாள் பதிலே இல்லை. இன்று பிளாக். ஆப்காரர்களிடம் மூன்று முறை புகார் கொடுத்தேன். ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பியதால் பொறுப்பில்லை என்று மூன்று முறையும் மூடிவிட்டார்கள். மின்வணிக விதிகள் 2020ன்படி குறைதீர்க்கும் அதிகாரி ஒருவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்ய வேண்டும். எனக்கு ஒரு மனிதரின் பதில்கூட வரவில்லை. 18,400 ரூபாய், என் ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம்.

கியர் தேர்வு பற்றி விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். கூடாரத்தில் 3,000 மில்லிமீட்டர் (துணி எவ்வளவு தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் என்ற கணக்கு) என்று போட்டிருந்தால் போதாது, உள்பக்கத் தையல் டேப்பைப் போட்டோவில் கேளுங்கள். கிளம்பும் முன் மாடியில் ஹோஸ் வைத்து அரை மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட் எண்ணை, அதாவது எத்தனை டிகிரி குளிர்வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்பதை மட்டும் பாருங்கள். எனக்கு 0 டிகிரி என்று விற்றதன் லேபிளில் கம்ஃபர்ட் 15, எக்ஸ்ட்ரீம்தான் 0. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் கணக்கு, தூங்கும் கணக்கு இல்லை. கேரியர் ஃபிரேமில் போல்ட் போட்டு முடுக்குவதாக இருக்கட்டும். ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும், சைபர் குற்ற எண் 1930லும் பதிவு செய்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தம்பி ஒரு லிங்க் அனுப்பினான். அதே மாடி, அதே பச்சை வாளி, வேறு பெயர். விலை இப்போது 21,000. அந்த வீடியோ உங்களுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.