களையெடுக்க எந்த ரோபோ: கேமராவா, லேசரா, ஜிபிஎஸ்ஸா?

களையெடுக்கும் ரோபோக்களில் இன்று மூன்று வகை முக்கியம். செடியைக் கேமராவில் அடையாளம் கண்டு, மற்றதைக் கொத்துவது ஒன்று. களையை லேசரால் பொசுக்குவது ஒன்று. மூன்றாவது, தானே விதைத்து, ஒவ்வொரு விதையும் விழுந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் விட்டுவிட்டுக் கொத்துவது. நாங்கள் வாங்கியது மூன்றாவது: டென்மார்க்கின் ஃபார்ம்ட்ராய்டு எஃப்டி20. அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

ஆள்கூலி மிச்சம், களைக்கொல்லி மிச்சம் என்பதெல்லாம் மூன்றுக்கும் பொது.

லேசர் வகையில், கார்பன் ரோபோடிக்ஸ் கம்பெனி 2022இல் கொண்டுவந்த இழுவை மாடலில் 150 வாட் லேசர்கள் 30; களையின் குருத்தைப் பார்த்துச் சுடும். மண்ணைக் கிளறாததால் அடியில் கிடக்கும் களை விதை மேலே வராது. இதில் மற்ற இரண்டும் அதற்கு ஈடில்லை. ஆனால் இழுக்க டிராக்டர் வேண்டும். பெரிய பண்ணைக்கான சரக்கு. நான் ஓட்டிப் பார்த்ததில்லை என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். கேமரா வகைக்குக் கண்ணாடியில் புழுதி ஆகாது, பயிர் மாறினால் அதை அடையாளம் காணும் மென்பொருளும் வேண்டும். பழுதானால் கம்பெனி ஆள் வரும்வரை களை காத்திருக்காது. எங்களுடையதில் அடிக்கடி தேய்வது மண்ணுக்குள் லேசாக இறங்கி வேரை அறுக்கும் கம்பியும் கத்தியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் மாற்றிவிடலாம். மேலே நான்கு சோலார் பலகைகள், துடைத்தால் போதும். விதை இருக்குமிடம் தெரிவதால் பயிர் முளைக்கும் முன்பே ஒரு சுற்று களை எடுத்துவிடும். கேமராவுக்கோ செடி தெரிந்தாக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறார் வேண்டும். ரோபோ தன் இடத்தைத் துல்லியமாகக் கணக்கிட வயலோரத்தில் நட்டுவைக்கும் ஜிபிஎஸ் நிலையத்தை விதைப்புக்குப் பிறகு அசைக்கவே கூடாது. சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கணக்கு பிசகி, கத்தி பயிரின் மேலேயே இறங்கும்.

வேகம்? மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இரவிலும் ஊர்வதால் சமாளிக்கிறோம். பேட்டரி பழசானால் எப்படி உழைக்கும் என்று சொல்ல எங்களுடையது இன்னும் புதுசு. வெங்காயம், பீட்ரூட் மாதிரி நேரடியாக விதைப்பவர்களுக்கு இதையே சொல்வேன். நாற்று நடுபவர்கள் கேமரா வகையைப் பாருங்கள். தான் விதைக்காத வயலில் எங்கள் ரோபோவுக்கு வேலையே இல்லை.